அவசரம்: புது டயர் போட்டதும் காடி துள்ளுகிறது, காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

பாயான்_லெப்பாஸ்_வாசி
வணக்கம். நேற்று மாலை காடிக்குப் புது டயர் போட்டேன். இன்று காலை வேலைக்குப் போகும்போது சின்ன மேடு பள்ளத்துக்கே துள்ளுகிறது. ஸ்டீரிங் லேசாகிவிட்டது, கொஞ்சம் இடது பக்கம் இழுப்பது போலவும் தெரிகிறது. பழைய டயரில் இந்தத் தொல்லை இல்லை. காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 300 கேபிஏ என்று இருக்கிறது, அதுதான் அளவா? நாளை விடியற்காலை குடும்பத்தோடு ஈப்போ போகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜூரு_டோல்
என்ன காடி? டயர் அளவு என்ன? நான்கும் மாற்றினீர்களா, இரண்டு மட்டுமா? இப்போது காற்று எவ்வளவு இருக்கிறது, அளந்தீர்களா?

கூலிம்_ராஜாளி
கடையில் சாதாரணக் காற்று அடித்திருப்பார்கள் ப்ரோ, அதுதான் காரணம். நைட்ரஜன் பிடியுங்கள். வெயிலில் ஏறாது, ஓட்டம் மெத்தென்று இருக்கும். நான் மாறிய பிறகு வேறு எதுவும் பிடிப்பதில்லை.

பழைய_போமன்
காடி பெயர் இல்லை, டயர் அளவு இல்லை, காற்றை அளக்கவும் இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா தம்பி? இங்கே பல முறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை.

300 கேபிஏ என்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, காற்றழுத்தத்தின் இன்னொரு கணக்கான பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 44. அதை எழுதியது டயர் செய்தவன். அது எந்தக் காடியில் ஏறும் என்று அவனுக்குத் தெரியாது. உங்கள் காடிக்கு உரிய அளவைக் காடி செய்தவன் ஒட்டி வைத்திருக்கிறான். ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் பாருங்கள், ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

செபராங்_ஜெயா_அக்கா
அவசரத்தில் கேட்கிறார், ஏன் அண்ணே திட்டுகிறீர்கள்? தம்பி, ஸ்டிக்கரில் பெரும்பாலும் கேபிஏ கணக்கில்தான் இருக்கும். 210 என்றால் 30 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே, 220 என்றால் 32, 230 என்றால் 33, 240 என்றால் 35, 250 என்றால் 36. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தனியாக ஒரு வரி இருந்தால் நாளைக்கு அதைப் பாருங்கள். எத்தனை பேர் போகிறீர்கள்?

பாயான்_லெப்பாஸ்_வாசி
மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். பெரோடுவா மைவி 1.3, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே 15 அங்குல ரிம் போட்டிருந்தது. டயர் 185/55 ஆர்15. முன்னால் இரண்டு மட்டும் மாற்றினேன், பின்னால் பழையது நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர், அப்புறம் பெட்டி எல்லாம் இருக்கும்.

ஜூரு_டோல்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 1.3 மைவி 14 ரிம்மில் 175/65 டயரோடு வரும். உங்கள் ஸ்டிக்கரில் 15க்கும் வரி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். 175/65 ஆர்14 டயரின் மொத்த விட்டம் 583 மில்லிமீட்டர், 185/55 ஆர்15 போட்டால் 584.5. அதாவது ஒன்றேதான். பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து 82 என்று ஓர் எண் இருக்கும், ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இரண்டு அளவிலும் பொதுவாக அதே 82தான். அதனால் 14க்குப் போட்டிருக்கும் காற்றையே 15க்கும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் மாறும். 15இல் டயரின் கன்னம், அதாவது பக்கச் சுவர், உயரம் குறைவு, குழி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே 15இல்தான் ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் இந்தத் துள்ளலுக்கு அது காரணம் இல்லை. காற்று அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய_போமன்
தோன்றுவது என்ன, அதேதான். புது டயரை ரிம்மில் ஏற்றும்போது விளிம்பு "டப்" என்று உட்கார 40 பிஎஸ்ஐ வரை அடிப்போம். உட்கார்ந்ததும் ஓட்டுகிற அளவுக்கு இறக்க வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்தால் பையன்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அதிகக் காற்றில் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும், ஸ்டீரிங் லேசாகும், குழி எல்லாம் முதுகில் தெரியும். இப்படியே ஓட்டினால் டயர் நடுவில் மட்டும் தேயும். காற்று குறைந்தால் இரு ஓரமும் தேயும், டயர் சூடாகும், நெடுஞ்சாலையில் வெடிப்பது பெரும்பாலும் அந்த டயர்தான். ஆகவே பயந்துபோய் அளவுக்குக் கீழேயும் இறக்கிவிடாதீர்கள்.

கூலிம்_ராஜாளி
நைட்ரஜன் போட்டால் இந்த ஏற்ற இறக்கமே இருக்காது.

ஜூரு_டோல்
இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூடு பட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும், 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நைட்ரஜனில் ஈரம் இல்லை, கசிவு கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். விமானத்துக்கும் பந்தயக் காடிக்கும் அது தேவை. மைவிக்குக் காசு கொடுத்து நைட்ரஜன் அடித்துவிட்டு ஒரு வருடம் மீட்டரையே தொடாமல் இருப்பதைவிட, சும்மா கிடைக்கும் காற்றை மாதம் ஒரு முறை பார்ப்பது மேல்.

தைப்பிங்_மழை
எல்லாரும் காற்றிலேயே நிற்கிறீர்கள். அவர் புதுசை முன்னால் போட்டுவிட்டுப் பழசைப் பின்னால் விட்டிருக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்குக் குவாலா கங்சார் தாண்டி மெனோரா குகைப்பாதைப் பக்கம் இறங்க வேண்டும். மலை, வளைவு, இறக்கம், மழை பிடித்தால் பிடித்ததுதான். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசு பின்னால் போக வேண்டும்.

பழைய_போமன்
மைவி முன்சக்கரம் இழுக்கிற காடி. இழுப்பதும் திருப்புவதும் முன்னால், பிரேக்கின் பெரும்பங்கும் முன்னால். பின்சக்கரம் கூடவே உருளுகிறது. புதுசு முன்னால்தான் போகும். பட்டறையில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

தைப்பிங்_மழை
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் அண்ணே, ஆனால் இதில் ஒத்துக்கொள்ள முடியாது. முன்னால் புதுசு போட்டால் சீக்கிரம் தேய்ந்து செலவு சமமாகும், அது காசுக் கணக்கு. நான் சொல்வது ஈரச் சாலை. தேங்கிய தண்ணீரில் முன்டயர் மிதந்தால் காடி திரும்பாமல் நேராகப் போகும், ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்டயர் மிதந்தால் காடி சுற்றிவிடும். அதைத் திருத்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் முன்னால் பிடிப்பு நன்றாக இருப்பதால் பின்னால் வழுக்கப் போவது முன்கூட்டியே தெரியாது. மிஷெலின் உட்பட டயர் செய்கிறவர்களே புதுசைப் பின்னால் போடச் சொல்கிறார்கள், முன்சக்கர இழுவைக்கும் சேர்த்துத்தான்.

பழைய_போமன்
அவர்கள் சொல்வது அவர்கள் நாட்டுப் பனிச் சாலைக்கு.

தைப்பிங்_மழை
பனிக்கு இல்லை, தண்ணீருக்கு. தண்ணீர் நம் ஊரில்தான் அதிகம்.

செபராங்_ஜெயா_அக்கா
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். பின்டயர் எவ்வளவு பழசு என்றே இன்னும் தெரியவில்லை. தம்பி, டயரின் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். தரையைத் தொடும் பட்டை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும்.

பாயான்_லெப்பாஸ்_வாசி
1416 என்று இருக்கிறது. பட்டை பாதிக்கு மேல் இருக்கிறதே?

தைப்பிங்_மழை
2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பட்டை இருக்கும், ரப்பர் இருக்காது. கன்னத்தில் சின்னச் சின்ன விரிசல் இருக்கிறதா பாருங்கள். முன்னாலா பின்னாலா என்ற பேச்சே வேண்டாம், அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த டயரில் போகாதீர்கள். இன்று இரவுக்குள் பின்னாலும் இரண்டு போடுங்கள். பல டயர் கடைகள் மாலை வரை திறந்திருக்கும்.

பழைய_போமன்
இதில் நானும் அதேதான் சொல்வேன். 16ஆம் வருடத்து டயர் என்றால் மாற்றுங்கள். கடையில் நிற்கும்போதே நான்குக்கும் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பாருங்கள், போடப் போகிற டயரின் எண்ணையும் பாருங்கள். புதுசு என்று இரண்டு வருடம் ஷெல்ஃபில் கிடந்ததைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

இடது பக்கம் இழுப்பதற்கு முதலில் இரண்டு முன்டயரிலும் காற்று சமமா என்று பாருங்கள். சமமாக வைத்தும் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இழுப்பு வலது பக்கம் போனால் டயரில் கோளாறு, இடதிலேயே நின்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியில்லை. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் சும்மா மாற்றக் கூடாது, ரிம்மிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டும்.

ஜூரு_டோல்
காற்றை அளப்பது டயர் ஆறிய பிறகு. காடி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் எண்ணெய் நிலையத்துக்கு மெதுவாகப் போக வேண்டும். நாளை விடியற்காலை கிளம்பும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும். காற்றடிக்கும் மெஷினில் ஸ்டிக்கர் அளவைத் தட்டி வைத்துவிட்டு, சத்தம் கேட்கும் வரை குழாயை எடுக்காதீர்கள். அப்புறம் வழியில் நிற்கும்போது அளந்தால் நான்கு பிஎஸ்ஐ கூடியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயரின் கணக்கு. உதிரி டயரையும் ஒரு கை பாருங்கள், பலரும் மறப்பது அதைத்தான்.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிடிப்பு முழுசாக வராது. பினாங்கு இரண்டாவது பாலம் ஏறியதிலிருந்தே இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

கூலிம்_ராஜாளி
நான்கும் புதுசு என்றால் நைட்ரஜன் இலவசமாகவே அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

தைப்பிங்_மழை
போமன் அண்ணே, அந்தப் பின்டயர் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இன்னும் முன்னால்தான் போடச் சொல்கிறீர்களா?

பழைய_போமன்
நான்கையும் மாற்றச் சொல்கிறேன். காசு இல்லை என்றால் முன்னால்.

தைப்பிங்_மழை
அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பாயான்_லெப்பாஸ்_வாசி
ஈப்போ வந்து சேர்ந்தோம், வழியில் நல்ல மழை. முன்னால் 42 இருந்தது. பின்னாலும் இரண்டு மாற்றிவிட்டேன், நான்கிலும் ஸ்டிக்கர் அளவே வைத்தேன். துள்ளல் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

செபராங்_ஜெயா_அக்கா
நல்லது தம்பி. அம்மாவை அழைத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்புங்கள்.

பழைய_போமன்
இடது பக்க இழுப்பு என்ன ஆயிற்று? அலைன்மென்ட் பார்த்தீர்களா?

ஜூரு_டோல்
அதையும் எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.