மறு: மறு: 'பிளேயர்' என்பதற்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

இ. எழுதியது:

அன்பர்களே, வணக்கம். ஓர் அவசரம்.

நூலகத் தன்னார்வலர்களுக்கான எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேசட், டிவிடி, அவற்றை ஓட்டும் பெட்டிகள் ஆகியவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழரைப் பக்கம் முடிந்தாயிற்று. மீதி அரைப் பக்கத்தை ஒரே ஒரு சொல் மறித்துக்கொண்டு நிற்கிறது: பிளேயர்.

கையேட்டின் உயிரே அந்த அரைப் பக்கம்தான். வட்டை வைத்துக்கொண்டு பிளேயரைத் தூக்கிப்போட்டால் வட்டையும் சேர்த்துத் தூக்கிப்போட்ட மாதிரிதான் என்கிறது. கேசட், லேசர்டிஸ்க், டிவிடி, புளூரே எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லாக வேண்டும். 'இயக்கி' என்று எழுதியிருந்தேன். அது கணினியில் டிரைவருக்கான சொல்லாயிற்றே என்று மெய்ப்புப் பார்த்தவர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கைகொடுங்கள்.

ந. எழுதியது:

அன்பின் இ.,

மெய்ப்புப் பார்த்தவர் செய்தது சரி. எனக்கு இயக்கி என்றாலே சிலம்பில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் 'பூங்கண் இயக்கி' என்ற பெண் தெய்வம்தான் நினைவுக்கு வருவாள். அவளை டிவிடி ஓட்ட விடாதீர்கள்.

சொல்லைத் தேடி அலையவே வேண்டாம். வள்ளுவர் எடுத்து வைத்திருக்கிறார்.

'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்.'

வட்டு இருக்கிறது, அது ஆடுவதற்கு அரங்கு, அதாவது கீறிய கட்டம், இல்லை. உங்கள் கையேட்டின் அரைப் பக்கமும் இதைத்தானே சொல்கிறது? வட்டு என்ற சொல்லும் புதிதன்று. நற்றிணை மூன்றாம் பாட்டில் வேப்பமர நிழலில் அரங்கு இழைத்துச் சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். வள் என்ற வேரிலிருந்து வளை, வளையம், வட்டம், வட்டு என்று அத்தனையும் கிளைத்தவை. ஆகவே பிளேயர் என்பதற்கு என் பரிந்துரை: வட்டாடி.

மு. எழுதியது:

> வள் என்ற வேரிலிருந்து

'வட்டம்' பிராகிருதம் வழி வந்தது என்று ஒரு சாரார் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை இங்கே கிளப்பினால் வெள்ளிக்கிழமை போய்விடும், கிளப்பவில்லை.

ஆனால் வட்டாடி சரிவராது, ஐயா. குறளில் இருப்பது 'வட்டாடி' என்ற பெயர்ச்சொல் அல்ல, 'வட்டு ஆடியற்று'. உரையாசிரியர் 'வட்டாடினாற் போலும்' என்றுதான் விரிக்கிறார். ஆடுகிறவனைக் குறிக்கும் சொல்லே அங்கு இல்லை. அப்புறம், 'ஆடி' என்றால் பாடநூல் படித்த பிள்ளைக்குக் குழியாடி, குவியாடிதான் தெரியும். வட்டின் அடிப்பக்கத்தில் முகம் பார்க்கலாம் என்பதால் அவன் வட்டையே வட்டாடி என்று நினைத்துக்கொள்வான். தவிர, கேசட்டில் வட்டு எங்கே இருக்கிறது? நாடாதானே?

என் பரிந்துரை மீட்டி. யாழை மீட்டுகிறோம். நரம்பில் விரல் பட இசை எழுகிறது; வட்டில் லேசர் பட, நாடாவில் காந்தத் தலை பட, படம் எழுகிறது. மீட்டெடுத்தல் என்ற பொருளும் உள்ளே ஒலிக்கிறது. நாடா மீட்டி, வட்டு மீட்டி என்று எதோடும் ஒட்டும்.

ச. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலக்கணம் பேச வரவில்லை. பழைய பெட்டிகளைத் திறந்து பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு, அதனால் சொல்கிறேன். பிளேயர் என்றே போட்டுவிட்டுப் போங்கள். பெட்டியைக் கொண்டுவருகிற எவரும் 'என் மீட்டி ஓடவில்லை' என்று சொல்லப்போவதில்லை.

கையேட்டில் வேறொன்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வட்டுக்கு முன்னால் பெட்டிதான் சாகிறது. தட்டு வெளியே வராது. திறந்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அது எளிது, மாற்றிவிடலாம். லேசர் மங்கிவிட்டால் அதற்கென்றே செய்த உதிரிபாகம் கிடைத்தால்தான் உண்டு. கேசட் பெட்டியில் தலை தேயும், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை இறுகிக் கண்ணாடி போலாகிவிடும், மின்தேக்கிகள் கசியும். புதிதாக வாங்கலாம் என்றால் விஎச்எஸ் எனப்படும் வீடியோ கேசட் பெட்டியைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற பெட்டி இருந்தால் அதை மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். மூடி வைத்தால் நல்லபடி இருக்கும் என்று நினைப்பது தவறு, சும்மா கிடந்தே வீணாகிறது.

ந. எழுதியது:

> மீட்டெடுத்தல் என்ற பொருளும் உள்ளே ஒலிக்கிறது

மு. இரண்டு வினைகளை ஒரே உறையில் போடுகிறார். வீணையை மீட்டினான். அடகை மீட்டான். இறந்தகாலமே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள், இவை வெவ்வேறு வினைகள். முதலாவது மீட்டு, மீட்டுகிறான், மீட்டுவான். இரண்டாவது 'மீள்' என்பதன் பிறவினை, மீட்கிறான், மீட்பான். 'மீட்டி' என்றால் நரம்பைத் தெறிப்பது மட்டும்தான். மீட்டெடுக்கும் பொருள் வேண்டுமென்றால் முறைப்படி மீட்பி என்றுதான் வரவேண்டும்.

வட்டாடியை நான் கைவிடவில்லை. குறளில் பெயராக இல்லை என்பது சரி. அதிலிருந்து பெயர் ஆக்கக் கூடாது என்று எந்த நூற்பா சொல்கிறது? கூத்தாடி இல்லையா? கழைக்கூத்தாடி இல்லையா?

மு. எழுதியது:

மீட்பியா! காப்பு என்பதோடு இகரம் சேர்த்தால் காப்பி, ஐயா. காலையில் குடிப்பது.

த. எழுதியது:

வணக்கம். ஈழத்து வழக்கில் இருந்து ஒரு சொல். நாங்கள் சீடி, டிவிடி இரண்டையும் 'இறுவட்டு' என்றே நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். கடையிலும் சொல்வோம், விழா அழைப்பிதழிலும் 'இறுவட்டு வெளியீடு' என்று போடுவோம். கையேட்டில் குறுந்தகடு என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு என்றால் உலோகம் அல்லவா, இது பிளாஸ்டிக். பிளேயருக்கு 'இறுவட்டு இயக்கி' என்று எழுதினால் ஒருவரும் தடுமாற மாட்டார்கள். மென்பொருள் இயக்கியோடு குழம்பும் என்று அஞ்சுவது மொழிபெயர்ப்பாளர்களின் நோய். இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதவர் யார்?

வ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இரண்டு செய்தி.

முதலாவது, த. அவர்களுக்கு. 'தகடு' நாம் நினைக்கும் அளவுக்குப் பிழையல்ல. வட்டின் உடல் பாலிகார்பனேட்தான். ஆனால் லேசர் பட்டுத் திரும்புவது உள்ளேயிருக்கும் அலுமினியப் படலத்தில். அது நூறு நானோமீட்டர் அளவுகூட இருக்காது. கெடுவதும் அதுதான். விளிம்பு வழியாகவோ கீறல் வழியாகவோ காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியம் ஆக்சைடாகி ஒளியைத் திருப்பாமல் நின்றுவிடுகிறது. சீடியில் இந்தப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது. எல்லாரும் பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டுப் பெயர்ப் பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள். காயம் படக்கூடாத பக்கம் அதுதான். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டி நடுவில் படலத்தை வைத்திருப்பதால் அங்கே ஒட்டுப்பசை கெடுவதும் ஒரு சிக்கல்.

இரண்டாவது, எதை வைப்பது என்பது பற்றி. இ., கையேட்டில் வரிசை சரியாக இருக்கிறதா? வீட்டில் எடுத்த வீடியோ முதலில். அதற்கு உலகில் வேறு படி கிடையாது. நாடாவில் இருந்தால் இன்றே கோப்பாக்க வேண்டும், வட்டில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். வீட்டில் எழுதிய வட்டில் பதிவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் சூடும் பட்டால் அது அச்சிட்ட வட்டைவிடச் சீக்கிரம் மங்கும். அடுத்தது, வேறு வடிவில் வெளிவராத படங்கள், இயக்குநரின் விளக்கவுரை, பழைய ஒலித்தடம் போன்றவை உள்ள வட்டுகள். இணையத்தில் உரிமம் முடிந்த அன்று படம் போய்விடும், அலமாரியில் இருப்பது போகாது. கடைசியாக, எங்கும் கிடைக்கும் படத்தின் சாதாரணப் பதிப்பு. அதைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

நீங்கள் பிளேயரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். வட்டு இப்படிக் கெடுவதற்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

இ. எழுதியது:

வ. அம்மா, வரிசை நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. கெடுவதற்கு 'வட்டழுகல்' என்று போட்டேன். படிக்கும்போது ஏதோ வாழைப்பழம் மாதிரி இருக்கிறது. அரிப்பு என்றால் சொறிவது போல் இருக்கிறது.

மு. எழுதியது:

அதற்குத் த. கொடுத்த சொல்லிலேயே விடை இருக்கிறது! இறுதல் என்றால் முறிதல், அழிதல். அச்சு இற்றது என்கிறோமே. 'இறுவட்டு' வினைத்தொகை. இற்ற வட்டு, இறுகின்ற வட்டு, இறும் வட்டு. முக்காலத்துக்கும் பொருந்துகிறது. கெட்டதும் கெடுவதும் கெடப்போவதும் ஒரே சொல்லில். இதைவிட நேர்மையான வணிகப் பெயரை நான் பார்த்ததில்லை.

த. எழுதியது:

நகைச்சுவையை ரசித்தேன். ஆனால் இங்கே 'இறு' இறுகுதல் என்பதன் அடி. செறிந்த, அடர்ந்த வட்டு. காம்பாக்ட் என்பதற்கு அவ்வளவு பொருத்தமாக வேறு எவரும் ஆக்கவில்லை. என்னிடம் இருபது ஆண்டுப் பழைய இறுவட்டுகள் உள்ளன, ஒன்றும் இறவில்லை.

ச. எழுதியது:

எப்படித் தெரியும், போட்டுப் பார்த்தீர்களா? அல்லது பெட்டி போய்விட்டதா?

த. எழுதியது:

பெட்டி போய்விட்டது.

ந. எழுதியது:

அரங்கின்றி வட்டாடி! நான் சொன்னேனா இல்லையா?

கா. எழுதியது:

இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். இ. அவர்களின் முதல் மடலில் 'வீடியோ' என்று வந்திருக்கிறது. காணொளி என்று எழுதலாமே.

மு. எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். காணொளியா காணொலியா, விழியமா நிகழ்படமா என்று போன முறை தொடங்கியது இரண்டு மாதம் ஓடியது.

கா. எழுதியது:

சரி, விட்டுவிடுகிறேன். 'மீட்டி' பற்றி ஒரு ஐயம் மட்டும். இந்தப் பெட்டிகள் உள்ளதை உள்ளபடி மீட்பதே இல்லை. விநாடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்) எடுத்த படம் 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 25 சட்டகமாக ஓடுகிறது. நான்கு விழுக்காடு வேகம் கூடுகிறது, குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறுகிறது. ஒன்றரை மணிப் படம் நான்கு நிமிடம் போல முன்னதாக முடிந்துவிடும். இதை மீட்பு என்று சொல்வது சரிதானா?

மு. எழுதியது:

அதனால்தான் மீட்பி வேண்டாம், மீட்டி வேண்டும் என்கிறேன். ஒரே பாட்டை எந்தக் கலைஞரும் இரண்டு முறை ஒரே மாதிரி மீட்டுவதில்லை. நன்றி, என் வாதத்தை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

வ. எழுதியது:

சொல்லைப் பற்றி எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் கம்பியையும் சேருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை உள்ள கம்பி. பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டுக் கம்பியையும் ரிமோட்டையும் தொலைத்தவர்கள்தான் அதிகம். சில டிவிடி பெட்டிகளில் ரிமோட் இல்லாமல் பட்டியலுக்குள்ளேயே போக முடியாது. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்தக் கம்பியைச் செருகத் துளையே இல்லை, இடையில் ஒரு மாற்றி வேண்டும். அப்புறம், வட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இருட்டிலும் ஈரமில்லாத இடத்திலும்.

ச. எழுதியது:

வட்டாரக் குறியீட்டையும் சேருங்கள். ஓரிடத்தில் வாங்கிய டிவிடி வேறிடத்துப் பெட்டியில் ஓடாமல் போகலாம். ஓடாததைக் கெட்டுவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

மாற்றி என்றதும் நினைவு வந்தது, 'கன்வெர்ட்டர்' என்பதற்கு என்ன

இ. எழுதியது:

ச., உங்கள் மடல் பாதியில் நின்றுவிட்டது. அப்படியே நிற்கட்டும்.

நாளை அச்சு. இழையிலும் தனிமடலிலும் வந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். மீட்டிக்கு ஐந்து பேர், இயக்கிக்கு மூன்று பேர், பிளேயர் என்றே விடச் சொன்னவர்கள் இரண்டு பேர், வட்டாடிக்கு ந. ஐயா. ஐந்து பேரில் இருவர் 'சரி, எதையாவது போடுங்கள்' என்று எழுதியவர்கள். அவர்களை மீட்டி பக்கம் சேர்த்தது என் பொறுப்பு.

முதல் இடத்தில் 'மீட்டி (பிளேயர்)', பிறகு எல்லா இடத்திலும் மீட்டி. சீடி, டிவிடி, புளூரே மூன்றுக்கும் பொதுவாக வட்டு. வட்டு கெடுவதை 'வட்டு இறுதல்' என்று எழுதிவிட்டேன், த. மன்னிக்க வேண்டும். குறளை அரைப் பக்கத்தின் தலையில் போட்டிருக்கிறேன். கம்பி, ரிமோட், வட்டாரக் குறியீடு எல்லாம் சேர்ந்ததில் அரைப் பக்கம் ஒன்றேகால் பக்கமாகி, அச்சகத்தார் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்கிறார்கள்.

அனைவருக்கும் நன்றி.

ச. எழுதியது:

நல்லது. அடைப்புக்குள் இருப்பதைத்தான் எல்லாரும் படிப்பார்கள்.

ந. எழுதியது:

குறளைச் சேர்த்ததற்கு நன்றி. பதிவுக்காக மட்டும் எழுதி வைக்கிறேன்: மீட்பி.