புதுப்பிப்பு: மச்சாளின் வெள்ளைக் கிரீம் விவகாரம்

போன கிழமை எழுதியிருந்தேன்: ஆவணியில் கலியாணம் என்று மச்சாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வாங்கிய கிரீமைப் பூசி, முகம் பளிச்சென்று வெளுத்து, நிறுத்தியதும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல் எரியத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

தோல் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் முகத்தைப் பார்க்கமுதல் டப்பாவைத்தான் கேட்டார். பெயரில்லை, காலாவதித் திகதியில்லை; மூடியில் பேனையால் 'இரவு மட்டும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"எத்தனை நாளில் வெளுத்தது?"

"அஞ்சு நாள், டொக்டர்."

அவ்வளவு கெதியில் வெளுத்தால் கடுமையான ஸ்டீரொய்டாக (தோல் அழற்சிக்கு வைத்தியர் எழுதித்தரும் மருந்து) இருக்கலாம் என்றார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமி உருவாவதைக் குறைக்குமாம். தோலும் மெலிந்துபோகும். விட்டதும் சிவந்து எரிவது அதனால்தான். இன்னும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையே பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2013-இலேயே ஒரு கிலோ கிரீமில் 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்றது. பெயரே இல்லாத டப்பாவில் அதை யார் அளப்பது?

இப்போது எரிவு குறைந்திருக்கிறது, சிவப்புப் போகவில்லை. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டேயில்லை. மச்சாளைக் கறுப்பு என்று சொன்னது எங்கள் பெரியம்மாதான்!

டப்பா இன்னும் பிரிஜ்ஜுக்குள் இருக்கிறது. எறியப் போனால், "அரைவாசி கிடக்குது, விடுங்கோ" என்கிறாள் மச்சாள்.