பேஸ்புக்கில் டொமைன் வெரிஃபை ஆகவில்லை. ஏஜென்சி டொமைன் லாகின் கேட்கிறது. கொடுக்கலாமா?

மரச்செக்கு_காங்கேயம்:
வணக்கம். அப்பா நடத்தும் செக்கு எண்ணெய்க் கடைக்கு வேர்ட்பிரஸில் ஒரு வெப்சைட் இருக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாவில் விளம்பரம் போட ஒரு ஏஜென்சியிடம் பேசியிருக்கிறோம். மெட்டாவில் (பேஸ்புக், இன்ஸ்டாவை நடத்தும் கம்பெனி) டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, வெரிஃபை செய்யணும் என்று சொல்லி, ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டை (டொமைனோடு சேர்க்கும் ஒரு எழுத்துக் குறிப்பு) வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். டொமைன் வாங்கிய கம்பெனியின் தளத்தில், டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் இடம்) போட்டு சேவ் செய்துவிட்டேன். இன்னும் வெரிஃபை ஆகவில்லை என்கிறார்கள். இப்போது "டொமைன் லாகினும் ஓடிபியும் கொடுங்க, நாங்களே பாத்துக்கறோம். இபிபி கோடும் எடுத்து வைங்க" என்று கேட்கிறார்கள். கடையின் மெயிலும் இதே டொமைனில்தான் ஓடுகிறது, மொத்த ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். கொடுக்கலாமா? ரெக்கார்ட் ஏன் வேலை செய்யவில்லை?

டிஎன்எஸ்_வாத்தியார்:
மூணையும் கொடுக்காதீங்கம்மா. இபிபி கோட், ஒரு டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றும்போது மட்டும் கேட்பது. வீடு விற்கும்போது பத்திரத்தை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. வெரிஃபிகேஷனுக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டொமைன் லாக் ஆன் செய்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க, பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கிற டூ-ஃபாக்டரும் போட்டு வைங்க.

லாகின் ஏன் கூடாது என்றால், அது கையில் இருந்தால் நேம்சர்வரை, அதாவது டொமைனின் ரெக்கார்டுகளை எந்த சர்வரில் படிக்கணும் என்பதை, மாற்றலாம். நேம்சர்வர் மாறினால் உங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்பதையும் மாற்றலாம். மெயில் அவர்கள் பக்கம் போனால், அந்த மெயிலை வைத்துத் திறந்த எல்லா கணக்குக்கும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" கொடுத்து உள்ளே போகலாம். அந்த ஏஜென்சி நல்லவர்களாகவே இருக்கட்டும், அங்கே வேலை பார்க்கிற ஒருவருடைய லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் போதும்.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்த ரெக்கார்ட் யாருடைய மெட்டா கணக்கில் உருவானது?

மரச்செக்கு_காங்கேயம்:
அவர்கள் கணக்கில்தான் சார். எங்களுக்கு பிசினஸ் கணக்கே இல்லை, பேஜ் மட்டும்தான். அந்த டிஎக்ஸ்டி கோட் ரகசியமா? வாட்ஸாப்பில் வந்ததே என்று பயமாக இருக்கிறது.

டிஎன்எஸ்_வாத்தியார்:
ரகசியம் இல்லை. டிஎக்ஸ்டி ரெக்கார்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம், படித்து ஒன்றும் செய்ய முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "இந்தக் கோட் எந்தக் கணக்கில் உருவானதோ, அவர்களே இந்த டொமைனின் உரிமையாளர்" என்று நீங்கள் மெட்டாவுக்குச் சொல்கிறீர்கள். அவர்களுடைய கோடைப் போட்டால் உரிமை அவர்கள் கணக்கில் உட்காரும். உங்கள் தளத்தின் லிங்க் பேஸ்புக்கில் பகிரப்படும்போது வரும் தலைப்பு, படத்தை யார் திருத்தலாம் என்பது அந்த உரிமையைப் பொறுத்தது. நாளைக்கு ஏஜென்சியை மாற்றினால் அதை மீட்க அலையணும்.

முதலில் அப்பா பெயரில் ஒரு பிசினஸ் கணக்கு திறங்க. அதன் செட்டிங்ஸில் டொமைன்கள் பகுதியில் உங்கள் டொமைனைச் சேர்த்தால் உங்களுக்கென்று தனிக் கோட் வரும். அதைப் போட்டு வெரிஃபை ஆனபிறகு, ஏஜென்சியை பார்ட்னராக மட்டும் சேர்த்துவிடுங்க. வேலை முடிந்தால் ஒரு கிளிக்கில் நீக்கிவிடலாம். நேர்மையான ஏஜென்சி இதற்கு மறுக்காது.

சர்வர்_தம்பி:
ரெக்கார்ட் ஏன் வேலை செய்யலைன்னு நான் சொல்றேங்க. டொமைன் பக்கத்துல நேம்சர்வர்னு ஒரு இடம் இருக்கும். அதுல டொமைன் வாங்கின கம்பெனி பேர் இருக்கா, வேற பேர் இருக்கா?

மரச்செக்கு_காங்கேயம்:
கிளவுட்ஃப்ளேர் என்று வேறு கம்பெனி பெயர் இருக்கிறது. சைட் டிசைன் செய்த அண்ணன் அவருடைய கணக்கில் வைத்தாராம், இப்போதுதான் கேட்டேன்.

சர்வர்_தம்பி:
அதான். நேம்சர்வர் எங்க இருக்கோ அங்க போட்டாதான் ரெக்கார்ட் வெளியே தெரியும். நீங்க போட்ட பக்கத்தை யாருமே படிக்கறதில்ல. 72 மணி நேரம் வரைக்கும் ஆகலாம்னு மெட்டா சொல்லும், ஆனா தப்பான இடத்துல போட்டா 72 நாள் ஆனாலும் வராது. ஒரு வகையில நல்லதாப் போச்சு, ஏஜென்சி கோட் ஏறவே இல்ல. அதை அங்கிருந்து அழிச்சிடுங்க.

உங்க சொந்தக் கோடை அந்த அண்ணனுக்கு அனுப்பி, கிளவுட்ஃப்ளேர்ல டிஎக்ஸ்டியா சேர்க்கச் சொல்லுங்க. பெயர் இடத்துல @ மட்டும். முழு டொமைன் பேரை அடிச்சா சில தளங்கள்ல பேர் ரெண்டு தடவை ஒட்டிக்கும். ஏற்கெனவே எஸ்பிஎஃப்னு ஒரு டிஎக்ஸ்டி இருக்கும், அது மெயிலுக்கானது. அதைத் திருத்தாம, பக்கத்துல புதுசா ஒரு ரெக்கார்ட். அதுமேல கோடை எழுதிட்டா நீங்க அனுப்பற மெயில் ஸ்பாம்ல விழ ஆரம்பிக்கும்.

பிளகின்_பிரியை:
வேர்ட்பிரஸ்தானே, டிஎக்ஸ்டிக்குப் பதில் மெட்டா டேக் (வெப்சைட் பக்கத்தின் கோடில் சேர்க்கும் ஒரு வரி) போட்டால் எளிதாச்சே? எனக்கு அப்படித்தான் ஆனது.

டிஎன்எஸ்_வாத்தியார்:
ஆகும். ஆனால் முகப்புப் பக்கத்தின் ஹெட் பகுதியில், ஜாவாஸ்கிரிப்ட் வழியாக இல்லாமல் நேரடியாக இருக்கணும். தீம் கோப்பில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். இந்த ஒரு வரிக்காக முன்பின் தெரியாத பிளகினைச் சேர்ப்பதும் எனக்குச் சம்மதமில்லை. கையில் டிஎன்எஸ் இருக்கும்போது அதுவே மேல்.

பின்ட்ரெஸ்டிலும் இதே வழிகள்தான். மஸ்டடானில் உங்கள் பக்கத்திலிருந்து புரொஃபைலுக்கு ஒரு தனிக்குறிப்புள்ள லிங்க் வைத்தால் போதும். எதிலும் டொமைன் பாஸ்வேர்ட் கேட்கவே மாட்டார்கள்.

மரச்செக்கு_காங்கேயம்:
வெரிஃபை ஆகிவிட்டது! அண்ணன் ரெக்கார்ட் போட்டு டீ குடித்து வருவதற்குள் பச்சை வந்துவிட்டது. ஏஜென்சியை பார்ட்னராகச் சேர்த்தாயிற்று, அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம்: ரெக்கார்டை இனி அழிக்கலாமா? "உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், லிங்கில் வெரிஃபை செய்யவும்" என்று மெசஞ்சரில் வந்திருக்கிறது, இது எதற்கு?

சர்வர்_தம்பி:
அது திருட்டு லிங்க்ங்க, தொடாதீங்க. மெட்டா அப்படி மெசஞ்சர்ல மிரட்டாது. சந்தேகம்னா பிசினஸ் கணக்கை நீங்களே திறந்து உள்ள நோட்டீஸ் இருக்கான்னு பாருங்க. ரெக்கார்ட் அப்படியே இருக்கட்டும்.

டிஎன்எஸ்_வாத்தியார்:
ஒன்று பாக்கி. கிளவுட்ஃப்ளேர் இன்னும் சைட் டிசைன் செய்தவர் கணக்கில்தானே இருக்கிறது? நிதானமாக அப்பா மெயிலில் ஒரு கணக்கு திறந்து, மெயிலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் உட்பட எல்லா ரெக்கார்டையும் அங்கே பிரதி எடுத்து, சரிபார்த்த பிறகு நேம்சர்வரை மாற்றுங்க. ஆர்டர் குறைவாக வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் செய்யுங்க.