30 மைல் வீதியில் கமரா அடித்துவிட்டது. வாகனம் அத்தானின் பெயரில் உள்ளது

ஹரோவாசி

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை அதிகாலை, கடைக்குச் சாமான் எடுப்பதற்காக காஷ் அன்ட் கரி மொத்த விற்பனைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வட இலண்டனில் 30 மைல் வேக எல்லையுள்ள, ஒரு திசைக்கு இரண்டு தடங்கள் கொண்ட வீதியொன்றில், ஓரத்தில் நின்ற மஞ்சள் பெட்டியிலிருந்து வெளிச்சம் அடித்ததைப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் கண்டேன். உடனே வேகமானியைப் பார்த்தபோது முள் 34 இல் நின்றது. பக்கத்துத் தடத்தில் வெள்ளை வான் ஒன்று என்னைக் கடந்து போனது நினைவிருக்கிறது. அது கமராவைத் தாண்டுவதற்கு முன்பா பின்பா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

நான்கு மைலுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்து இன்னும் இரண்டு வருடங்கள் நிறையவில்லை என்பதோடு, சிவப்பு விளக்கைக் கடந்த விடயத்தில் ஏற்கெனவே 3 தண்டப் புள்ளிகள் அனுமதிப்பத்திரத்தில் இருக்கின்றன. இன்னும் 3 விழுந்தால் 6 ஆகி அனுமதிப்பத்திரமே போய்விடும் என்று அறிகிறேன். அது போனால் கடைக்குச் சாமான் எடுக்கவும் ஆளில்லை, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் ஆளில்லை.

இதில் இன்னொரு சிக்கல், வாகனம் கொவென்றியில் இருக்கும் அத்தானின் பெயரில் பதியப்பட்டுள்ளது. காப்புறுதியில் என் பெயரும் சாரதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆகையால் அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அத்தான், "கடிதம் எனக்குத்தானே வரும், நான் ஓடினதாகவே எழுதிவிடுகிறேன், என்னுடைய லைசென்ஸில் ஒரு கறையும் இல்லை" என்கிறார். அக்காவும் அதைத்தான் சொல்கிறார். 34 க்குக் கடிதம் வருமா, வருவதென்றால் எத்தனை நாளில் வரும், அத்தான் சொல்வதுபோலச் செய்யலாமா என்பதை விபரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இணுவில் ராசன்

தம்பி, வீணாகப் பயப்படாதீர்கள். இங்கிலாந்துப் பொலிஸ் தலைமை அதிகாரிகளின் வழிகாட்டலின்படி, வேக எல்லையோடு அதன் பத்து வீதமும் மேலதிகமாக 2 மைலும் சேர்த்த இடத்திலிருந்துதான் வழமையாக நடவடிக்கை ஆரம்பமாகும். 30 க்கு அது 35, 40 க்கு 46, 70 க்கு 79. அதற்கு மேல், வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது வாகனத் தயாரிப்பு விதி. முள் 34 என்றால் உங்களுடைய உண்மையான வேகம் 32 அளவில் இருந்திருக்கும். நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

பழைய லொறிக்காரன்

இராசன் அண்ணா எழுதிய கணக்குச் சரியானது. ஆனால் அந்தக் கணக்கு இந்த வெளிச்சத்தை விளக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கமரா 31 க்கும் 32 க்கும் அடிக்கும்படி வைக்கப்படுவதில்லை. ஆகவே உண்மையில் வெளிச்சம் அடித்திருந்தால், யாரோ ஒருவர் அது வைக்கப்பட்டிருந்த அளவைத் தாண்டியிருக்கிறார். அது அந்த வெள்ளை வானாக இருக்கலாம். அல்லது நீங்களாகவும் இருக்கலாம், ஏனென்றால் வெளிச்சத்தைக் கண்டவுடன் எவருக்கும் கண் வேகமானிக்குப் போவதற்கு முன்பே கால் பிரேக்குக்குப் போய்விடும். முள்ளில் காண்பது அதற்குப் பிறகான வேகம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அந்த வீதி இன்னும் 30 தானா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். இலண்டனில் பல மாநகர சபைகள் வீதிகளை 20 க்கு மாற்றிவிட்டன, பழகிய வீதியில் போகிறவன் புதிய பலகையைப் பார்ப்பதில்லை. 20 என்றால் 24 இலிருந்தே கணக்கு ஆரம்பமாகும், அப்போது 34 என்பது சிறிய மீறல் அல்ல.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கட்சோ வகைக் கமரா. வாகனம் கடந்து போன பின் பின்பக்கத்திலிருந்து, அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும். ராடார் வேகத்தை அளக்கும். வீதியில் போடப்பட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள், முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில் வாகனம் எவ்வளவு தூரம் போனது என்று சரிபார்ப்பதற்காக. அதனால் வெளிச்சம் இரண்டு முறை அடித்திருக்க வேண்டும். ஒரு தடவைதான் கண்டீர்களா, இரண்டு தடவையா? (இந்தக் கமராவை உருவாக்கிய மோரிஸ் கட்சோனிடஸ் 1953 இல் மொன்டே கார்லோ ரலியை வென்ற ஒல்லாந்துக்காரர். தான் இன்னும் வேகமாக ஓடுவதற்காகத்தான் வேகத்தை அளக்கும் கருவியைச் செய்யத் தொடங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.)

கடிதம் வரும் காலத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. சம்பவம் நடந்த நாளைச் சேர்க்காமல் 14 நாட்களுக்குள், வழக்குத் தொடரும் எண்ணத்தை அறிவிக்கும் கடிதம், பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் பலர் தடுமாறுகிறார்கள்: அந்த 14 நாள் உங்களுக்கு அல்ல, அத்தானுக்கு. அவர் ஓடியவரின் பெயரைக் கொடுத்த பின் உங்களுக்கு வரும் கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தாலும் செல்லும். அதனால் உங்கள் வீட்டுக் கதவுக்குள் ஒன்றும் விழவில்லை என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அத்தான் வீடு மாறியிருந்தால் அந்தப் பதிவுப் புத்தகத்தில் (லொக் புக்) முகவரியை மாற்றினாரா என்றும் கேளுங்கள். பழைய முகவரிக்கு அனுப்பியதும் அனுப்பியதாகவே கொள்ளப்படும், பதில் வராததற்குக் குற்றம் அவர் மேலேயே விழும்.

வைகறை

நான் பல வருடங்கள் நீதவான் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள் என்பதால், தம்பியின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் அதைத் தொடாமல் விட்டிருப்பது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எழுதியவற்றுள் ஆபத்தானது அது ஒன்றுதான்.

அத்தானை எந்தக் காரணம் கொண்டும் அப்படி எழுத விடாதீர்கள். 30 இல் 36 ஓடியிருந்தாலும் அது 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும் கொண்ட ஒரு சிறு விடயம். ஓடாத ஒருவர் தான் ஓடியதாகக் கையொப்பமிட்டுக் கொடுப்பது நீதியின் போக்கைத் திசைதிருப்பிய குற்றம். அதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் உச்சத் தண்டனை ஆயுட்சிறை. நடைமுறையில் அவ்வளவு கொடுப்பதில்லை, ஆனால் மாதக்கணக்கில் சிறை கிடைப்பது வழமை. அரசியல்வாதி கிறிஸ் ஹூனின் வழக்கைப் பலர் மறந்திருக்கக்கூடும். 2003 இல் எம்11 நெடுஞ்சாலையில் கமராவில் அகப்பட்டபோது தன்னுடைய புள்ளிகளை அப்போதைய மனைவி விக்கி பிரைஸின் பெயரில் போட்டார். பின்னர் அமைச்சராக உயர்ந்தார், மணவாழ்க்கை முறிந்தது, கதை வெளியே வந்தது, 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. புள்ளியைக் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கிக்கொண்டவரும் உள்ளே போனார் என்பதை அக்காவுக்குச் சொல்லுங்கள்.

பின்பக்கப் படத்தில் முகம் தெரியாதுதானே என்று எங்கள் ஆட்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முகம் தெரியாவிட்டால் என்ன? அன்று காலை நீங்கள் காஷ் அன்ட் கரியில் உங்கள் வங்கி அட்டையால் பணம் கட்டியிருப்பீர்கள், பற்றுச்சீட்டில் நேரம் அச்சாகியிருக்கும், வாகனத் தரிப்பிடத்தில் அவர்களுடைய கமரா இருக்கும். அதே நேரத்தில் அத்தான் கொவென்றியில் வேலைக்குக் கையொப்பமிட்டிருந்தால் முடிந்தது. எல்லா வழக்கையும் இப்படித் தோண்டிப் பார்ப்பதில்லை என்பது உண்மையே. தோண்டப்பட்ட சிலவற்றில் நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். "உதவிதானே செய்தேன்" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னபோது நீதவானின் முகத்தில் எந்த மாற்றமும் வந்ததில்லை.

சரியான வழி மிக எளிதானது. கடிதம் வந்தால் அத்தான் 28 நாட்களுக்குள் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்ப வேண்டும். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், வேகத்துக்காக அல்ல, பதில் சொல்லாததற்காகவே அவருக்கு 6 புள்ளிகளும் 1000 பவுண் வரை தண்டமும் வரலாம். அதன்பின் உங்கள் பெயருக்கு ஒரு படிவம் வரும், அதில் நீங்கள்தான் ஓடியதாக ஒப்புக்கொண்டு அனுப்புவீர்கள்.

உங்கள் பயம் முழுவதும் புள்ளியைப் பற்றியது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 30 வீதியில் 42 வரை ஓடியவர்களுக்குப் பொலிஸார் பெரும்பாலும் வேக விழிப்புணர்வு வகுப்பை முன்வைப்பார்கள்; மூன்று வருடங்களுக்குள் வேறொரு வேக வகுப்புக்குப் போயிருக்கக் கூடாது என்பதுதான் முக்கியமான நிபந்தனை, உங்களிடம் ஏற்கெனவே புள்ளிகள் இருப்பது அதற்குத் தடையல்ல. வகுப்பை முடித்தால் தண்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் அது உங்கள் உரிமை அல்ல, அவர்கள் விரும்பினால் தருவது. அதனால் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் திகதிக்குள் பதிவு செய்துவிடுங்கள். தவறவிட்டால் 3 புள்ளிகள் வந்து, நீங்கள் சொன்னதுபோல 6 ஆகி, 1995 ஆம் ஆண்டுப் புதிய சாரதிகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இரத்தாகி, எழுத்துப் பரீட்சையிலிருந்து மீண்டும் ஆரம்பிக்க வேண்டிவரும். தீர்ப்போ தண்டமோ இரண்டு வருடம் முடிந்த பிறகு வந்தாலும் பயனில்லை, மீறல் நடந்த நாளைத்தான் பார்ப்பார்கள்.

ஹரோவாசி

எல்லோருக்கும் நன்றி. அன்று மாலையே போய்ப் பார்த்தேன், வீதி 30 தான், பலகையும் தெளிவாக இருக்கிறது. வெளிச்சம் இரண்டு முறை அடித்தது என்பதும் லொறிக்கார அண்ணா கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடிதம் பதினான்கு நாட்களுக்குள்ளேயே கொவென்றிக்கு வந்துவிட்டது. அதில் வேகம் 36 என்று இருந்தது. வைகறை அக்கா எழுதியதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்களுக்கென்ன, அவர் மந்திரி, அதனால் பிடித்தார்கள்" என்று முதலில் சொன்னவர், அக்காவையும் சேர்த்து உள்ளே போடுவார்களா என்று கேட்டுவிட்டு என் பெயரையே எழுதி அனுப்பினார். இப்போது எனக்கு வந்திருக்கும் கடிதத்தில் வகுப்புக்குப் போகலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள், பதிவும் செய்துவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: வகுப்புக்குப் போனதைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்ல வேண்டுமா? அங்கே பரீட்சை ஏதும் வைப்பார்களா?

இணுவில் ராசன்

தம்பி, 36 என்று வந்ததைப் பார்த்தேன், லொறிக்காரர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது. வகுப்பைப் பற்றி எனக்குத் தெரியும், நானும் இருந்து எழும்பியவன். இப்போது பெரும்பாலும் கணினியில் வீடியோ வழியாகவே நடத்துகிறார்கள், ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போகும். பரீட்சை கிடையாது, ஆனால் கமராவை நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போக முடியாது. முகம் தெரிய அமர்ந்திருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அடையாளம் பார்ப்பார்கள் என்பதால் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள், குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே உள்ளே போய்விடுங்கள். பிந்தினால் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள்.

வைகறை

காப்புறுதியைப் பற்றி: வகுப்பு ஒரு தண்டனைத் தீர்ப்பு அல்ல. எனவே கடந்த ஐந்து வருடங்களில் உங்களுக்கு வந்த தண்டனைகளும் புள்ளிகளும் எவை என்று கேட்டால் இதைச் சேர்க்க வேண்டியதில்லை. சிவப்பு விளக்குக்கு வந்த 3 புள்ளிகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் சில கம்பனிகள் வகுப்புக்குப் போனீர்களா என்று தனியாகவே கேட்கின்றன. அப்படிக் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். புதுப்பிக்கும்போது அந்தக் கேள்வித்தாளை அத்தான் நிரப்பினால், பக்கத்தில் இருந்து நீங்களும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.