புதுப்பிப்பு: சர்ஜ் எக்ஸ்டி படபடப்பும், ஊமையான பழைய ப்ராஜெக்டும்

சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர் பற்றி முன்பு கேட்டிருந்தவை இரண்டு: பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) வாசிக்கும்போது வரும் ‘படபட’ சத்தம், அதன் முந்தைய பதிப்பான சர்ஜ் 1.9-இல் செய்த ப்ராஜெக்ட் புதிய கணினியில் ஒலிக்காமல் போவது. இரண்டுமே தீர்ந்தன.

சத்தத்துக்குக் காரணம் மென்பொருள் பழுதல்ல, யூனிசன்: ஒரே ஒலியைச் சற்றே சுருதி விலக்கிப் பல பிரதிகளாக அடுக்குவது. அது கணினிக்குச் சுமை. மூன்று கிளாசிக் ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி), ஒவ்வொன்றிலும் யூனிசன் 16, ஆறு சுரக் கார்டு: ஒரே நேரத்தில் 288 அலைகள். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டு) தரும் அவகாசமோ 2.7 மில்லி விநாடிதான். ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி அடங்கும் நேரம்) நீளமென்றால் முந்தைய கார்டின் வாலும் சேர்ந்துகொள்ளும். யூனிசன் 5, பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) வரம்பு 8 என்று குறைத்ததும் அடங்கியது. ஒலியின் அகலம் பெரிதாகக் குறையவில்லை. பஃபரை 512-க்கு ஏற்றுவது மிக்ஸிங்குக்குச் சரி. வாசிக்கும்போது அந்த 10.7 மில்லி விநாடி விரலுக்குத் தெரியும்.

ப்ராஜெக்ட் விஷயம்: 1.9-உம் எக்ஸ்டியும் ரீப்பருக்கு (நான் பயன்படுத்தும் ஒலிப்பதிவு மென்பொருள்) வெவ்வேறு ப்ளகின். ஒன்றின் இடத்தில் இன்னொன்று தானாக வந்து உட்காராது. 1.9-ஐயும் கூடவே நிறுவி, ப்ராஜெக்டைத் திறந்து, பேட்சை (ஒலி அமைப்புகளின் கோப்பு) தனியே சேமித்து எக்ஸ்டியில் ஏற்றுங்கள். எதிர்த்திசையில், அதாவது எக்ஸ்டி பேட்சை 1.9-இல் ஏற்றுவது, நடக்காது. ஆட்டோமேஷனை (தானாக மாறும்படி பதிந்த அமைப்புகள்) கையால்தான் மறுபடி இணைக்க வேண்டும், அலுப்பான வேலை. அதனால் முடிந்த டிராக்கை 24 பிட் வேவ் கோப்பாக ரெண்டர் செய்து, அந்தப் பதிப்பின் இன்ஸ்டாலரையும் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள்.