தேங்காய் துருவும் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க முடியுமா?

கேள்வி:
சுங்கை சிப்புட்டில் வீட்டோடு தேங்காய்ப்பால் வியாபாரம் செய்கிறோம், துருவும் இயந்திரத்தில் அரைக் குதிரைசக்தி சிங்கிள் பேஸ் மோட்டார், தகட்டில் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருக்கிறது. அந்த வேகத்தில் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. காற்றாடி ரெகுலேட்டர் போட்டால் போதுமா அண்ணே?

பதில்:
வேண்டாம் தம்பி. அது நாலு போல் (நாலு காந்த முனை) இண்டக்‌ஷன் மோட்டார், வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு கட்டுண்டது. வோல்டேஜைக் குறைத்தால் இழுக்கும் பலம்தான் போகும், அப்புறம் வேகம் ரொம்ப விழுந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மறுபடி சேர்ந்துகொண்டு, கிளம்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்டார்ட் வைண்டிங் (கம்பிச்சுருள்) கருகிவிடும். பெல்ட்டா, நேரடியா?

கேள்வி கேட்டவர்:
பெல்ட்தான்.

பதில்:
சரி, சுலபம். துருவிப் பக்கம் இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு பெரிய புல்லி போடுங்கள், வேகம் பாதியாகும், பலமும் கூடும். பெல்ட் நீளம் மாறும், பார்த்து வாங்குங்கள்.

இன்னொருவர்:
வோல்டேஜைக் குறைக்கும் டிம்மர் எல்லாம் டிரில், மிக்சி மாதிரி கார்பன் பிரஷ் மோட்டாருக்கு ஒத்துவரும், இதற்கு ஒத்துவராது. புல்லி மாற்றும்போதே பெல்ட்டுக்கு மூடியும் போட்டுவிடுங்கள் தம்பி, அம்மா சேலையோடு நிற்பார்கள்.