வி.எம்.முக்குள் மூடில் ஓடுகிறது, பிள்ளைகளின் போனில் திறக்கவில்லை

முல்லை ரீச்சர்:
புதுக்குடியிருப்பில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். பாடம் பார்த்தே டேட்டா முடிந்துபோகிறது, திரும்பத் திரும்ப ரீலோட் போட எல்லா வீட்டிலும் காசு இல்லை. அதனால் என் லேப்டொப்பில் (விண்டோஸ் 10) விர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு வி.எம். (லேப்டொப்புக்குள்ளேயே தனியாக ஓடும் மெய்நிகர் கணினி) உண்டாக்கி, உபுண்டு சேர்வர் என்ற இயங்குதளத்தை ஏற்றி, மூடில் என்ற பாடத்தளத்தில் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். வகுப்பில் உள்ள 4ஜி றவுட்டரின் வைஃபைக்குள் வந்தால் பிள்ளைகள் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம்தானே.

வி.எம்.முக்கு இன்டர்நெட் வருகிறது, முகவரி 10.0.2.15. அதைப் போனில் அடித்தால் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. விர்ச்சுவல்பொக்ஸின் நெட்வேர்க்கைப் பிரிட்ஜ்டுக்கு (வி.எம். நேரே றவுட்டரோடு சேரும் முறை) மாற்றினால் அந்த முகவரியும் போய், எஃப்ஈ80 என்று தொடங்கும் நீளமான ஒன்று மட்டும் நிற்கிறது. என்ன செய்யலாம்?

குளக்கட்டு:
ரீச்சர், 10.0.2.15 உங்கள் றவுட்டர் கொடுத்தது இல்லை. நாட் முறையில் (வி.எம். லேப்டொப்பின் இணைப்புக்குப் பின்னால் மறைந்து நிற்கும் முறை) விர்ச்சுவல்பொக்ஸ் தானே கொடுக்கிற இலக்கம் அது, என் கணினியிலும் அதேதான். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. திரும்ப நாட் முறைக்கே மாற்றிவிட்டு, நெட்வேர்க் செட்டிங்கில் போர்ட் ஃபோர்வேர்டிங்கை (லேப்டொப்புக்கு வருவதை வி.எம்.முக்குத் தள்ளிவிடும் வசதி) திறந்து, ஹோஸ்ட் (லேப்டொப்) போர்ட் 8080, கெஸ்ட் (வி.எம்.) போர்ட் 80 என்று ஒரு வரி சேருங்கோ, ஐபி கட்டங்களை வெறுமையாக விடலாம். பிறகு பிள்ளைகள் அடிக்க வேண்டியது லேப்டொப்பின் முகவரி, உதாரணத்துக்கு 192.168.1.20:8080. விண்டோஸ் ஃபயர்வோல் கேட்டால் அனுமதி கொடுங்கோ, அந்த வைஃபை 'பப்ளிக்' என்று கிடந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கோ. முக்கால்வாசிப் பேர் மாட்டுப்படுவது இந்த ஃபயர்வோலில்தான்.

பாலைமரம்:
பிரிட்ஜ்ட் ஏன் சரிவரவில்லை என்பதையும் சொல்கிறேன். எஃப்ஈ80 வி.எம். தானாகப் போட்டுக்கொள்ளும் முகவரி. அது மட்டும் நிற்கிறது என்றால் றவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை. முதலில் பிரிட்ஜ்டுக்குக் கீழே எந்த அடாப்டர் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கோ, கேபிள் செருகாத லேன் கார்ட் அங்கே இருந்தால் ஒருநாளும் வராது. வைஃபை கார்டைத் தெரிந்தாலும் சில றவுட்டர்களில் வராது, ஏனென்றால் வைஃபையில் ஒரு இணைப்புக்கு ஒரு மேக் முகவரிதான் (நெட்வேர்க் கார்டின் அடையாள இலக்கம்) என்பது வழமை, இரண்டாவதை றவுட்டர் ஏற்காது. றவுட்டரின் பின்பக்கம் லேன் துளை இருந்தால் ஒரு கேபிளைப் போட்டு அந்தக் கார்டைப் பிரிட்ஜ் பண்ணுங்கோ, வி.எம்.முக்கே தனி முகவரி கிடைக்கும். எனக்கென்றால் அதுதான் நல்ல வழி.

முல்லை ரீச்சர்:
இப்போதைக்குக் கேபிள் இல்லை, அதனால் குளக்கட்டு அண்ணா சொன்னபடி செய்தேன். ஃபயர்வோலில் விட்டதும் போனில் அசைந்தது! ஆனால் பக்கம் திறக்கப் போகும்போதே மேலே உள்ள முகவரி 10.0.2.15 என்று மாறி மறுபடி நின்றுவிடுகிறது.

குளக்கட்டு:
அப்ப நெட்வேர்க் சரி, இனி மூடில்தான். அதன் கொன்ஃபிக் பிஎச்பி கோப்பில் டபிள்யூடபிள்யூடபிள்யூரூட் என்றொரு வரி இருக்கும், நிறுவும்போது இருந்த முகவரியைத்தான் அது பிடித்து வைத்திருக்கும். வேறு முகவரியால் வருகிற எவரையும் மூடில் அங்கேயே திருப்பி அனுப்பும். அந்த இடத்தில் லேப்டொப்பின் முகவரியை :8080 உடன் எழுதிச் சேமியுங்கோ.

முல்லை ரீச்சர்:
திறந்துவிட்டது!! மூன்று போனில் ஒரே நேரத்தில் கணித வினாத்தாள் இறங்குகிறது. இரண்டு பேருக்கும் பெரிய நன்றி.

பாலைமரம்:
சந்தோசம் ரீச்சர். ஒன்று மட்டும், லைட் போய் வந்தால் றவுட்டர் உங்கள் லேப்டொப்புக்கு வேறு இலக்கம் கொடுக்கலாம், அப்போது மூடில் திரும்பவும் நின்றுவிடும். றவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும்) பகுதியில் லேப்டொப்பின் மேக் முகவரிக்கு அந்த 192 இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்கி விடுங்கோ. பிள்ளைகளுக்கு 'கெஸ்ட்' வைஃபையைக் கொடுக்க வேண்டாம், அதில் பெரும்பாலும் ஒரு கருவி மற்றதைப் பார்க்க விடாது.